43 கோலில் அதிர்ஷ்டம் எத்தனை? வில்லியம் கார்ல்சனின் ஒரு சீசனும் அதன் முன்பின்னும்

2017 ஜூன் மாதம் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லின் 31-ஆவது அணியாக வேகாஸ் கோல்டன் நைட்ஸ் வந்து சேர்ந்தது. புது அணிக்கு ஆள் வேண்டுமே. ஏற்கெனவே இருக்கும் 30 அணிகளிடமிருந்தும் தலா ஒருவரை அது எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. ஒவ்வொரு அணியும் தனக்கு முக்கியமான சிலரைப் பாதுகாத்துப் பட்டியல் கொடுக்கும். மிச்சமிருப்பவர்களில் யாரை வேண்டுமானாலும் வேகாஸ் தூக்கலாம்.

கொலம்பஸ் புளூ ஜாக்கெட்ஸ் அணிக்கு இதில் ஒரு கவலை. பாதுகாப்புப் பட்டியலில் இடம் கொடுக்க முடியாமல் போன ஜோஷ் ஆண்டர்சனையோ இளம் கோல்கீப்பர் யோனாஸ் கோர்பிசாலோவையோ கொண்டுபோய்விடுவார்களோ என்று பயம். அதனால் பேரம் பேசினார்கள். அவர்களை விட்டுவிட்டு எங்களிடமிருந்து வில்லியம் கார்ல்சனை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கூலியாக, இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 2017 டிராஃப்டில் எங்கள் முதல் சுற்றுத் தேர்வும், 2019-இல் இரண்டாம் சுற்றுத் தேர்வும் உங்களுக்கு. கூடவே, முதுகுக் காயத்தால் ஆட முடியாமல் இருந்த டேவிட் கிளார்க்சனின் ஒப்பந்தத்தையும் வேகாஸ் தலையில் கட்டிவிட்டார்கள்.

அதாவது கார்ல்சனைக் கொடுத்ததோடு, எடுத்துக்கொண்டதற்குக் கூலியும் கொடுத்தார்கள். அடுத்த சீசனில் கார்ல்சன் அடித்தது 43 கோல். லீக்கில் அவருக்கு மேலே இருந்தது இரண்டே பேர்: 49 அடித்த ஓவெச்கின், 44 அடித்த பாட்ரிக் லைனே.

இதை அதிர்ஷ்டம் என்று ஒரு கட்சி சொன்னது. கொலம்பஸ் குருட்டுத்தனமாக விட்ட வைரம் என்றது இன்னொரு கட்சி. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி, எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கலாம் என்பதற்குத்தான் இந்த ஆய்வு.

முன்கதை

கார்ல்சன் 1993 ஜனவரியில் பிறந்த ஸ்வீடன்காரர். 2011 டிராஃப்டில் அனாஹைம் டக்ஸ் அவரை 53-ஆவது ஆளாக எடுத்தது. 2015 மார்ச்சில் கொலம்பஸுக்கு மாற்றிவிட்டது. வேகாஸுக்குப் போகும்வரை மொத்தம் 183 ஆட்டங்கள், 18 கோல். 82 ஆட்டங்கள் கொண்ட ஒரு முழு சீசனுக்குக் கணக்குப் போட்டால் 8 கோல். கடைசியாகக் கொலம்பஸில் ஆடிய 2016-17 சீசனில் 81 ஆட்டத்தில் 6 கோல்தான்.

ஆறு கோல் அடித்தவன் மறு வருஷம் நாற்பத்து மூன்று! படிக்கும்போதே வாயைப் பிளக்க வைக்கும் எண். ஆனால் வாயை மூடிக்கொண்டு முதலில் பார்க்க வேண்டியது அவர் பனியில் நின்ற நேரத்தை. கொலம்பஸில் அவருக்குக் கிடைத்தது ஆட்டத்துக்கு 13 நிமிடத்தை ஒட்டி. எதிரணியின் நல்ல ஆட்டக்காரர்களை மறிக்கும் கீழ் வரிசை வேலை. வேகாஸில் பயிற்சியாளர் ஜெரார்ட் கேலன்ட் அவரை முதல் வரிசையின் நடுவில் நிறுத்தி 18 நிமிடத்துக்கு மேல் ஆட விட்டார். ஒரு பக்கம் ஜோனதன் மார்ஷெஸோ, மறுபக்கம் ரைலி ஸ்மித். இவர்கள் இருவரும் ஃபுளோரிடா பாந்தர்ஸ் அணி வேண்டாமென்று விட்டவர்கள். மார்ஷெஸோ அதற்கு முந்தைய சீசனில்தான் 30 கோல் அடித்திருந்தார் என்பதை நினைத்தால் ஃபுளோரிடா என்ன யோசித்தது என்று இன்றும் புரியவில்லை. அது தனிக் கதை.

ஆக, அதிர்ஷ்டத்தையும் திறமையையும் எடை போடுவதற்கு முன்பே மூன்றாவது ஒன்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது: வாய்ப்பு. புள்ளிவிவர அட்டவணையில் அது தனி நெடுவரிசையாகக் கண்ணில் படாது. கோல் எண்ணுக்குள் ஒளிந்திருக்கும்.

எண்களைப் பிரித்தால்

கோல் என்பது இரண்டு எண்களின் பெருக்கல். எத்தனை ஷாட் அடித்தாய், அதில் எத்தனை சதவீதம் உள்ளே போனது. 2017-18-இல் முதல் மூவரையும் இப்படிப் பிரித்துப் பார்த்தால் முகம் மாறிவிடும். ஓவெச்கின் 355 ஷாட்டில் 49: சுமார் 14 சதவீதம். லைனே 241-இல் 44: 18 சதவீதம். கார்ல்சன் 184-இல் 43. இது 23.4 சதவீதம்.

ஓவெச்கின் அடித்ததில் ஏறக்குறைய பாதி ஷாட்தான் கார்ல்சன் அடித்திருக்கிறார். ஆனாலும் கோலில் பக்கத்தில் வந்து நிற்கிறார். லீக்கில் முன்வரிசை ஆட்டக்காரர்களின் சராசரி பொதுவாகப் பத்து, பதினொன்று சதவீதம் என்ற அளவில் இருக்கும். கார்ல்சன் அதைப்போல் இரண்டு மடங்கு.

இந்த இரண்டு எண்களுக்கும் குணம் வேறு. ஷாட் எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் பெரிதாக ஆடாது; இந்த ஆண்டு நிறைய அடிப்பவர் அடுத்த ஆண்டும் நிறைய அடிப்பார். சதவீதம் அப்படியில்லை, ஊஞ்சல் மாதிரி. ஏன் என்று கேட்டால் கோல் விழும் விதத்தைப் பார்க்க வேண்டும். கோல் சட்டம் ஆறடி அகலம், நாலடி உயரம். அதன் முன்னால் மெத்தை கட்டிய ஒரு கோல்கீப்பர். பக் என்பது மூன்று அங்குலக் குறுக்களவும் ஓர் அங்குலத் தடிமனும் உள்ள ரப்பர் வில்லை. அடித்த ஷாட் நடுவில் யாரோ ஒருவரின் ஸ்கேட்டில் பட்டு உள்ளே போகும். அதே ஷாட் அரை அங்குலம் தள்ளிக் கம்பத்தில் பட்டு ‘டங்’ என்று திரும்பி வரும். அட்டவணையில் முதலாவது கோல். இரண்டாவது ஷாட் கணக்கில்கூட வராது, ஏனென்றால் கம்பத்தில் பட்டது இலக்கை நோக்கிய ஷாட்டாக எண்ணப்படுவதில்லை.

ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சுமார் 30 ஷாட் அடித்து 3 கோல் போடுகிறது. கூடைப்பந்து மாதிரி நூறு புள்ளி விழும் ஆட்டமில்லை. கோல் அபூர்வமாக விழும் ஆட்டத்தில் தற்செயலுக்கு இடம் அதிகம்.

எவ்வளவு அதிகம் என்று ஒரு சின்னக் கணக்கு. 400 முன்வரிசை ஆட்டக்காரர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் இம்மியும் பிசகாமல் ஒரே திறமை: ஒவ்வொரு ஷாட்டும் 11 சதவீத வாய்ப்பில் கோலாகும். ஆளுக்கு 184 ஷாட். தாயக்கட்டை உருட்டுகிற மாதிரி உருட்டிவிட வேண்டியதுதான். சராசரி 20 கோல் வரும். திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து எண்கள் சிதறும் அளவு, 4-க்குச் சற்று மேல். 400 பேரில் உச்சத்தில் இருப்பவர் 33 கோல் பக்கம் வருவார். அடியில் இருப்பவர் ஒன்பதோ பத்தோ அடித்திருப்பார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 33 அடித்தவரும் 9 அடித்தவரும் நம் கணக்கில் ஒரே ஆள்தான். திறமையில் ஒரு குண்டுமணி வித்தியாசமில்லை. ஆனால் நிஜ உலகில் முதல் ஆளுக்குப் பல கோடி டாலர் ஒப்பந்தம், ரெண்டாவது ஆளைக் கீழ் லீக்குக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு பேருக்கும் பத்திரிகையில் காரணம் எழுதுவார்கள்: முதலாமவர் கோடையில் கடுமையாக உழைத்தார், மற்றவர் தன்னம்பிக்கை இழந்தார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் காக்கைக்குச் சம்பள உயர்வு கிடைத்துவிடும்.

சரி, கார்ல்சன் இந்தக் கணக்கில் எங்கே வருகிறார்? தற்செயல் மட்டும் ஆண்டால் 400 பேரில் உச்சம் 33. அவர் அடித்தது 43. அதனால் ‘எல்லாமே அதிர்ஷ்டம்’ என்ற கட்சி இங்கேயே தோற்றுவிட்டது. சராசரியை விட நல்ல கை அவருக்கு இருந்திருக்க வேண்டும். நிஜத் திறமை 15 சதவீதம் என்று தாராளமாகவே வைத்தால் 184 ஷாட்டுக்கு 28 கோல் எதிர்பார்க்கலாம். அதிலிருந்தும் 43 மூன்று திட்ட விலக்கத்துக்கு மேலே நிற்கிறது. ஆயிரத்தில் ஒருவருக்கு அமையும் சீசன். அதுவும் சேர்ந்திருக்கிறது என்பதுதான் விஷயம். நல்ல கை, நல்ல வரிசை, கூடுதல் பொறுப்பு, இத்தனைக்கும் மேல் தாயமாக விழுந்த ஒரு வருஷம்.

ஒரு கோல், பக்கத்தில் இருந்து

2018 மார்ச் 31. எதிரே சான் ஹோசே ஷார்க்ஸ். வேகாஸ் தண்டனையால் ஒரு ஆள் குறைவாக ஆடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் கோல் வாங்காமல் தப்பித்தால் போதும் என்பதுதான் வழக்கம். கார்ல்சன் பக்கை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். கோல்கீப்பர் மார்ட்டின் ஜோன்ஸ் முன்னால் வந்ததும் மட்டையைத் தன் இரண்டு காலுக்கும் நடுவே பின்புறமாகக் கொண்டுபோய், பக்கை அங்கிருந்தே மேலே தூக்கி உள்ளே போடுகிறார். வேகாஸ் 3-2 என்று ஜெயித்து, பிறந்த முதல் வருஷத்திலேயே பசிபிக் பிரிவில் முதலிடத்தை உறுதி செய்துகொண்டது.

அந்தக் கோலில் அதிர்ஷ்டம் எத்தனை? காணொளியைப் பார்க்கிற எவரும் ‘சுழியம்’ என்றுதான் சொல்வார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பினால் வேறு பதில் வருகிறது. அதே இடத்தில், அதே கோல்கீப்பர் முன்னால், அதே வித்தையை அவர் பத்து முறை செய்தால் எத்தனை முறை உள்ளே போகும்? பத்துமா? ஜோன்ஸின் கால் மெத்தை இரண்டு அங்குலம் உயர்ந்திருந்தால் அது வெறும் ஒரு ஷாட். அழகான முயற்சி என்று வர்ணனையாளர் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். வித்தை திறமை. அது கோலாவதில் இரண்டும் கலந்திருக்கிறது. அதிர்ஷ்டம் என்றால் தத்தித் தத்திப் போகும் அசிங்கமான கோலில்தான் இருக்கும் என்று நம்புகிறோம். அழகான கோலிலும் அது இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

கூடவே வந்த மற்ற எண்கள்

கார்ல்சனின் அந்த சீசன் பிளஸ்-மைனஸ் +49. லீக்கிலேயே முதலிடம். இது அதிர்ஷ்டத்தைப் பெருக்கிக் காட்டும் கண்ணாடி. நீ பனியில் இருக்கும்போது உன் அணி கோல் போட்டால் ஒன்று கூடும், வாங்கினால் ஒன்று குறையும். உன் கூட்டாளியின் ஷாட் உள்ளே போகிறதா, பின்னால் நிற்கும் உன் கோல்கீப்பர் தடுக்கிறாரா என்ற இரண்டும் உன் கணக்கில் ஏறும். தன் கோல்கீப்பர் தடுப்பதில் முன்வரிசையின் நடுவில் ஆடும் ஒரு சென்டருக்குப் பங்கு மிகக் கொஞ்சம்.

கோலுக்கு உதவிய பாஸைக் கணக்கிடும் அசிஸ்டிலும் ஒரு கோலுக்கு இரண்டு பேர் வரை பெயர் எழுதுவார்கள். கடைசிப் பாஸ் கொடுத்தவரின் எண் அடுத்த ஆண்டும் ஓரளவு அப்படியே வரும். அதற்கு முந்தைய பாஸ் கொடுத்தவரின் எண்ணில் தற்செயல் அதிகம். ஆனால் இரண்டுக்கும் அட்டவணையில் ஒரே மதிப்பு, ஒரு புள்ளி.

அணி அளவில் இதைப் பிடிக்க ரசிகர்கள் பிடிஓ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அணியின் ஷாட் சதவீதத்தையும் கோல்கீப்பரின் தடுப்புச் சதவீதத்தையும் கூட்டினால் வருவது. லீக் முழுக்கச் சேர்த்தால் அது 100. யாராவது வெகுவாக மேலே போனால், இறங்கத் தயாராக இருக்கிறார்கள் என்று பொருள். 2013-14-இல் கொலராடோ அவலான்ச் அணி லீக் அட்டவணையில் 112 புள்ளி எடுத்தது. ஆட்டத்தில் எதிரணிதான் அதிக ஷாட் அடித்துக்கொண்டிருந்தது. அடுத்த சீசன் 90 புள்ளி, கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றில் இடம் கிடையாது.

கிளார்க்சன் பக்கம்

கார்ல்சனோடு வேகாஸ் தலையில் கட்டப்பட்ட அந்த ஒப்பந்தத்தின் கதையைச் சொல்லாவிட்டால் இந்த ஆய்வு பாதிதான்.

டேவிட் கிளார்க்சன் நியூ ஜெர்சி டெவில்ஸ் அணியில் ஆடியவர். மோதி ஆடுகிற, சண்டைக்கு அஞ்சாத விங்கர், அதாவது முன்வரிசையின் ஓரத்தில் ஆடுபவர். 2010-11-இல் 12 கோல். 2011-12-இல் திடீரென்று 30. வேறு எந்த சீசனிலும் அவர் 17-ஐத் தாண்டியதில்லை. 2013 ஜூலையில் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அவருக்கு 7 வருஷத்துக்கு 3 கோடியே 67 லட்சத்து 50 ஆயிரம் டாலர் எழுதிக் கொடுத்தது. ஆண்டுக்கு 52.5 லட்சம். அவர் டொராண்டோ பையன், ஊர் கொண்டாடியது. பழைய நாயகன் வென்டல் கிளார்க்கின் 17-ஐத் திருப்பிப் போட்டு 71-ஆம் எண் சட்டை வாங்கிக்கொண்டார்.

முதல் சீசனில் 60 ஆட்டம், 5 கோல்.

நான் இருக்கும் டொராண்டோவின் ஸ்கார்பரோவில் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத் தம்பி ஒருவர் அந்தச் சட்டையை முதல் வாரமே வாங்கிவிட்டார். டிசம்பர் வருவதற்குள் அதை வீட்டில் மட்டும் போட ஆரம்பித்தார்.

2015 பிப்ரவரியில் டொராண்டோ அவரைக் கொலம்பஸுக்குத் தள்ளிவிட்டு, பதிலுக்கு நேதன் ஹார்ட்டனை வாங்கியது. ஹார்ட்டனும் முதுகு கெட்டு, இனி ஆடவே முடியாது என்ற நிலையில் இருந்தவர். ஆட முடியாத ஒருவர், ஆடுகிற கிளார்க்சனை விட மேல் என்று டொராண்டோ நினைத்ததற்குச் சம்பள உச்சவரம்பு விதிகள்தான் காரணம்: நீண்ட காயப் பட்டியலில் இருப்பவரின் சம்பளத்துக்கு ஈடாக அணி வேறு ஆளை எடுக்கலாம். பிறகு கிளார்க்சனுக்கும் முதுகு போனது. அவருக்கு நடந்ததில் காயத்துக்கும் பங்கு உண்டு. எல்லாவற்றையும் சதவீதத்தின் மேல் போடுவது நியாயமில்லை. ஆனால் ஒரு 30 கோல் சீசனை நம்பி ஏழு வருஷம் எழுதியது காயத்துக்கு முன்பே நடந்த தவறு.

கொலம்பஸ் செய்தது வேறு வகைத் தவறு. அதிர்ஷ்டத்தைத் திறமை என்று நம்புவதைப் பற்றி எல்லாரும் எச்சரிக்கிறார்கள். 13 நிமிடம் ஆடி 6 கோல் அடித்ததைப் பார்த்து ‘இவர் 6 கோல் ஆள்தான்’ என்று நம்புவதும் அதே பிழையின் மறுபக்கம். இதைப் பற்றி யாரும் தலையங்கம் எழுதுவதில்லை, ஏனென்றால் அப்படித் தொலைந்துபோனவர்களில் பெரும்பாலோருக்கு இன்னொரு வேகாஸ் கிடைப்பதில்லை.

வேகாஸ் என்ன செய்தது

2018 கோடையில் கார்ல்சனின் ஒப்பந்தம் முடிந்திருந்தது. கையில் 43 கோல், நல்லொழுக்க ஆட்டத்துக்கான லேடி பிங் கோப்பை, ‘வைல்ட் பில்’ என்று நகரமே கூப்பிடும் பெயர். அணி லீக்கின் சாம்பியன் பரிசான ஸ்டான்லி கோப்பையின் இறுதி வரை போயிருந்தது. இந்த நேரத்தில் எட்டு வருஷ ஒப்பந்தம் கொடுக்காவிட்டால் ரசிகர்கள் கல்லெறிவார்கள்.

வேகாஸ் பொது மேலாளர் ஜார்ஜ் மெக்ஃபீ கொடுத்தது ஒரே ஒரு வருஷம். தொகை 52.5 லட்சம் டாலர்.

என் கருத்தில் இந்தக் கதையிலேயே புத்திசாலித்தனமான முடிவு இதுதான். 43 பொய் என்று அவர்கள் சொல்லவில்லை, மெய் என்றும் சொல்லவில்லை. இன்னும் 170, 180 ஷாட் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று விலை கொடுத்து அவகாசம் வாங்கினார்கள்.

அந்தக் கோடையில் நாம் என்ன கணித்திருக்க வேண்டும்? நான் பயன்படுத்துவது ஒரு நாட்டு வழி. அவருடைய 184 ஷாட்டோடு, சராசரி ஆட்டக்காரர் ஒருவரின் 250 ஷாட்டைக் கற்பனையாகச் சேர்த்துவிடுவது. 250 என்பது என் தோராயம். வேறொருவர் 200 என்பார், 350 என்பார். சராசரி 10.5 சதவீதம் என்றால் அதில் 26 கோல். 43-உம் 26-உம் 69. அதை 434 ஷாட்டால் வகுத்தால் 16 சதவீதத்தை ஒட்டி வருகிறது. அதே அளவு ஷாட் அடித்தால் அடுத்த சீசனில் 29 கோல்.

அடித்தது 24. ஷாட் சதவீதம் 14-ஐ ஒட்டி வந்து நின்றது. என் கணிப்பே கொஞ்சம் அதிகம்தான். ஆனால் 43 என்று பந்தயம் கட்டியவரையும் 8 என்று கட்டியவரையும் பார்க்கத் தேவலாம்.

2019 ஜூனில், இரண்டு சீசனையும் பார்த்த பிறகு, வேகாஸ் 8 வருஷத்துக்கு 4 கோடியே 72 லட்சம் டாலர் கொடுத்தது. ஆண்டுக்கு 59 லட்சம். 43 கோல் ஆளுக்கு இது மலிவு. 20 கோல் அடித்து, ஆள் குறைவான நேரத்தில் தற்காத்து, எதிரணியின் முதல் வரிசையை மறிக்கும் சென்டருக்குச் சரியான விலை. 43 கோல் சீசனுக்குப் பிறகு வந்த ஆறு சீசன்களில் அவர் 420 ஆட்டத்தில் 109 கோல் அடித்தார், 82 ஆட்டத்துக்கு 21. அதற்குள்ளும் ஊஞ்சல்தான்: 2021-22-இல் 67 ஆட்டத்தில் 12, 2023-24-இல் 70 ஆட்டத்தில் 30. வேகாஸ் ஸ்டான்லி கோப்பையை வென்ற 2022-23-இல் வழக்கமான சீசனில் 82 ஆட்டத்துக்கு 14 கோல், உடனே வந்த பிளேஆஃபில் 22 ஆட்டத்தில் 11.

கணக்கு ஏமாறும் இடம்

இந்த வழியில் எல்லாரையும் அளந்துவிடலாம் என்று நினைத்தால் லியோன் டிரைசைட்டில் உதைப்பார். எட்மன்டன் ஆயிலர்ஸின் அந்த ஜெர்மன்காரர் 2018-19-இல் 231 ஷாட்டில் 50 கோல் அடித்தார், 21.6 சதவீதம். கார்ல்சனின் கதையை அப்போதுதான் பார்த்து முடித்திருந்தவர்கள் இவரும் இறங்குவார் என்றார்கள். நானும் சொன்னேன். அடுத்த நான்கு சீசன்களில் ஒன்றில்கூட அவர் 18 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் பவர்பிளே நேரத்தில் கோலின் வலப்பக்கத்தில், கோணம் மிகக் குறுகலான இடத்தில் நின்றுகொண்டு, கானர் மெக்டேவிடிடமிருந்தும் மற்றவர்களிடமிருந்தும் வரும் பாஸை நிறுத்தாமல் அப்படியே அடிப்பார். கோல்கீப்பர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வந்து சேர்வதற்குள் பக் உள்ளே இருக்கும். மற்றவர்களுக்கு அந்த இடத்திலிருந்து அடிக்கவே மனம் வராது.

ஒரே ஒரு சீசனின் எண்ணை வைத்து 2018 கார்ல்சனையும் 2019 டிரைசைட்டிலையும் பிரித்திருக்க முடியாது. எங்கிருந்து அடிக்கிறார், எப்படி அடிக்கிறார் என்று காணொளியில் பார்த்திருந்தால் சந்தேகமாவது வந்திருக்கும். எதிர்ப்பக்கத்துக்கு லைனே: 2018 நவம்பரில் செயின்ட் லூயிஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து ஷாட், ஐந்து கோல். அந்த மாதம் மட்டும் 18. சீசன் முழுக்கவும் சேர்த்து 30-தான்.

2019 ஜூலையில், கார்ல்சனின் எட்டு வருஷ ஒப்பந்தம் கையெழுத்தாகி ஒரு மாதம் கழித்து, வேகாஸ் கிளார்க்சனின் ஒப்பந்தத்தைத் திரும்ப டொராண்டோவிடமே கொடுத்தது. கோல்கீப்பர் கேரட் ஸ்பார்க்ஸ் பதிலுக்கு வந்தார்.

கவனித்திருப்பீர்கள்: கிளார்க்சனின் ஆண்டுச் சம்பளமும் 2018-இல் கார்ல்சனுக்குக் கொடுத்ததும் காசு பிசகாமல் அதே 52.5 லட்சம். இன்னொன்றும் உண்டு. வேகாஸில் கார்ல்சனின் சட்டை எண் 71. இரண்டும் வெறும் தற்செயல். ஆனால் இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஏதோ பெரிய உண்மை பிடிபட்டுவிட்டது போல அரை மணி நேரம் இருந்தது. எண்களில் அர்த்தம் தேடும் அந்த மூளையை வைத்துக்கொண்டுதான் 43-ஐயும் பார்க்கிறோம்.

பக்கத்து வீட்டுத் தம்பியிடம் வேலிக்கு மேலே இதைச் சொன்னேன். உள்ளே போய்ப் பழைய நீலச் சட்டையை எடுத்து வந்து முதுகுப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

“அண்ணை, நான் வாங்கின நம்பர் சரி. பேர்தான் பிழை.”